கரையேற அனுமதி

படகு வயர்லெஸ்ஸின் மைக் பொத்தான்மேல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தது என் பின்புறம்தான். வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

எழுந்ததும் வயர்லெஸ் பெட்டிக்கு உயிர் வந்தது.

"ஒருவழியா எந்திரிச்சியா மச்சான்! உன் சம்சாரத்தை நீ திட்டினது இந்தக் கடல்ல இருக்கிற எல்லாப் படகுக்கும் கேட்டுச்சு" என்று எங்கோ மீன்பிடித்துக்கொண்டிருந்த என் கூட்டாளி பெர்சி சிரித்தான்.

கேட்கட்டும். நியாயத்தைத்தானே பேசினேன்.

வெந்நீர் ஊற்றுத் தீவில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேருக்குமேல் ஏறக்கூடாது. வயர்லெஸ்ஸில் கேட்டு, காவலர் 'வா' என்ற பிறகுதான் படகைவிட்டு இறங்கலாம். நல்ல சட்டம். ஊர்க் கூட்டத்தில் அதற்குக் கை தூக்கியவன் நான். வெளியூர்க்காரர்களை நினைத்துத் தூக்கிய கை அது.

எனக்கேவா? என் பாட்டன் முதுகு தேய்த்த பாறையில் எவனோ பாய்மரப் படகில் வந்த பல்மருத்துவன் ஊறிக்கொண்டிருப்பான், நான் மழையில் படகோடு ஆடிக்கொண்டு கிடக்க வேண்டுமா?

அதைச் சொல்கிற காவலர் யார்? டெல்மா. என் மனைவி.

மே மாதம் பையைத் தூக்கிக்கொண்டு இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்தவள். ஆகஸ்டு முடியப்போகிறது. பருவம் முடிந்ததும் வீட்டுக்கு வருவாயா என்று கேட்டு, சாமான் படகில் மூன்று கடிதம் கொடுத்தனுப்பினேன். பதிலாக என் மழைக்கோட்டு வந்தது. தவறுதலாக எடுத்து வந்துவிட்டாளாம்.

அதனால்தான் நேரில் கேட்க வந்தேன். சும்மா வரவில்லை. ஆறு புட்டி சால்மன் மீன், ஒரு பை காய்ந்த கடற்பாசி.

மதியத்திலிருந்து மூன்று படகுகள் கிளம்பிப் போய்விட்டன. கரையோரக் குளங்களில் ஆவிக்கு நடுவே எண்ணிப் பார்த்தேன். நான்கு தலைகள்.

நாலு பேர்தான் இருக்கிறார்கள், எனக்கு எண்ணத் தெரியும் என்று வயர்லெஸ்ஸில் கத்தினேன்.

"காத்திரு" என்றாள்.

எல்லாம் அந்தச் சுனாமி விவகாரம்தான், எனக்குத் தெரியாதா? நிலம் ஆடி சைரன் ஊதியதும் ஊரே மேட்டுக்கு ஓடியது. நானும் படகு எஞ்சினை பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். மேட்டில் ஏறி எஞ்சினுக்குப் போர்வை போர்த்தும்போதுதான் ஞாபகம் வந்தது. குளியலறையில் டெல்மா.

அலைகூட வரவில்லை. மூன்று வருஷம் கழித்தா அதற்குக் கோபம்?

அவளே சிரித்தாளே! கல்யாண விருந்து, பெர்சியின் அப்பாவுக்குக் கல்லறைக் கல் நாட்டிய விருந்து, எங்கே நான் அந்தக் கதையைச் சொன்னாலும் முதல் சிரிப்பு அவளுடையதுதான். போர்வை கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

மைக்கை எடுத்தேன். இந்த முறை கையால்.

"எல்லாரும் கேக்கட்டும் டெல்மா. அன்னிக்கு உன்னை விட்டுட்டுப் போனதுக்குத்தானே இவ்வளவும்? நேராச் சொல்லு."

பெட்டி இரைந்தது.

"நீ விட்டுட்டுப் போனது பயத்துல, ராய்ஸ். அதை அன்னிக்கே மன்னிச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு விருந்துலயும், நாலு பேர் முன்னாடி உன் முகம் வாடக்கூடாதுன்னு சிரிச்சேன் பாரு, அதுதான் முடியலை. இங்க நான் யாருக்காகவும் சிரிக்க வேண்டியதில்லை."