பெயிண்ட் வாசம் போகவில்லை

தன் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்திருப்பதாகச் சொல்லி, கொச்சங்காடியிலிருந்து தோப்பும்படியில் இருக்கும் மகள் ரம்லத்தின் வீட்டுக்கு வந்த காதர், பல நாளாகியும் திரும்பிப் போகவில்லை.

“வாப்பா, இன்னுமா வாசம் போகல்ல?” என்று ரம்லத் கேட்டாள்.

“வாசம் போனாலும் சுவரிலேர்ந்து அந்த ஆவி வந்துக்கிட்டேதான் இருக்குமாம் மோளே. எனக்கு இளைப்பு இருக்குல்ல?”

மருமகன் ஷிஹாப் தலையாட்டினான். “அது சரிதான் மாமா. ஆனா பூட்டி வச்சா அந்தக் கெமிக்கல் எப்படி வெளிய போகும்? ரம்லத், நீ போய் ஜன்னலெல்லாம் திறந்து போட்டுட்டு வா.”

“அவ எதுக்கு? நானே போறேன்” என்று காதர் அவசரமாக எழுந்தார்.

“இளைப்பை வச்சுக்கிட்டா? பேசாம இருங்க வாப்பா.” ரம்லத் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

கொச்சங்காடி வீட்டின் கதவைத் திறக்கும்போதே ஷாலால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே போனதும் கையை எடுத்துவிட்டாள். எந்த வாசமும் இல்லை. சுவரில் அதே பழைய நீலம். போன வருடம் இறந்துபோன உம்மா தலை சாய்த்து உட்காரும் இடத்தில், எண்ணெய்க் கறைகூட அப்படியே இருந்தது. ஒருவரும் அந்தச் சுவரில் பிரஷ் வைக்கவே இல்லை.

அவள் திரும்பி வந்தபோது காதர் வாசலிலேயே நின்றிருந்தார். மகளின் முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்துகொண்டார்.

“எப்படியிருக்கு?” என்று ஷிஹாப் கேட்டான்.

“உள்ளே நிக்கவே முடியல்ல. மூச்சு முட்டுது” என்றாள் ரம்லத். “வாப்பா இனி அங்க போக வேண்டாம்.”