தொண்ணூறாவது மீட்டர்

"'மண்சரிவு எச்சரிக்கை ரேடியோவைக் கெடுத்தது நான்தான்'னு இந்தத் தாள்ல எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு வேலையை விட்டுப் போ," என்றார் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் துரை.

ரேடியோவைக் கவனித்துவந்த சுதர்ஷினி தாளை வாங்கினாள், கையெழுத்துப் போடவில்லை. சோதிக்கும் கருவியைக் கேபிளில் மாட்டினாள்.

"ரேடியோ நல்லாத்தான் இருக்குங்க. அனுப்புற அலை மலை உச்சி ஏரியலுக்குப் போகாம, தொண்ணூறு மீட்டர்லயே திரும்பி வருது. அங்க கேபிள் அறுந்திருக்கு."

"லயத்து வீடுங்கள்ல இருக்கிற கூலி ஆளுங்கதான் வெட்டியிருப்பாங்க. நீ கையெழுத்தப் போடு."

"அந்த எடத்தப் பாக்காம போட மாட்டேங்க."

கேபிள் ஓடிய வழியே அளவு நாடாவை இழுத்துக்கொண்டு நடந்தாள். லயமே பின்னால் போனது.

தொண்ணூறாவது மீட்டரில் துரையின் பங்களாச் சுவர் வந்தது. அங்கே கேபிள் வெட்டப்பட்டிருந்தது. ஏரியலிலிருந்து இறங்கிய மறுபாதி, ஜன்னல் வழியாக அவருடைய டிவிக்குப் போயிருந்தது.

சுதர்ஷினி அதே தாளை நீட்டினாள்.

"போடுங்க, தொரை."