எல்லோருக்கும் தாத்தா வீடு

வழிகாட்டி சாரோவின் வாயில் எலுமிச்சை நுழைந்தால் பூசணிக்காயாகத்தான் வெளியே வரும்.

"நம்ம பலெர்மோ ஊர்ல இந்தச் சர்ச் மணி அடிச்சா, கடல் தாண்டி ஆப்பிரிக்காவுல காப்பிக் கோப்பை ஆடும் மேடம்!"

அசுந்தா சிரிக்கவில்லை. சாகுமுன் ஒரு வீட்டுக்குள் கால்வைத்துவிட வேண்டுமென்று, அர்ஜென்டினாவிலிருந்து வந்து, சாரோவையே பெயர் சொல்லி அமர்த்தியிருந்தாள் அந்தக் கிழவி.

"கிராமத்துக்குப் போப்பா."

மலைக் கிராமத்தில் பூட்டிக்கிடந்த வீட்டின் முன் கார் நின்றது. தாத்தா பிறந்த வீட்டைத் தேடி வரும் அர்ஜென்டினாக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவன் காட்டுகிற வீடு அது.

"இதான் உங்க தாத்தா வீடு. தாராளமா அழுங்க, போன வாரம் ஒருத்தர் அழுததுல தெருவே முழுகிப்போச்சு!"

"இங்க ஒரு சின்னப் பையன் இருந்தானே?"

சாரோவின் சிரிப்பு நின்றது.

"இருந்தான். அவன் அம்மா எவனோடயோ கப்பலேறிட்டா. இந்தப் படியிலயே காத்துக்கெடந்து செத்துட்டான்."

"எப்போ?"

"ஆறு வயசுல."

அசுந்தா பைக்குள்ளிருந்து துருப்பிடித்த சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தாள். அது திரும்பவில்லை.

சாவியையே பார்த்துக்கொண்டிருந்த சாரோ, காரின் கதவைத் திறந்தான்.

"திறக்காது மேடம். சம்பாதிக்க ஆரம்பிச்சதும் முதல் வேலையா பூட்டை மாத்திட்டேன். ஏறுங்க, அஞ்சு மணியோட டூர் முடியுது."