சும்மா கிடந்த பேட்டரி

"சாமி, வண்டியில பேய் கீய் இருந்தா விரட்டிட்டு வேலையை முடிங்க. கடவுள் நம்பிக்கை எனக்குத்தான் இல்ல, பேய்க்கு இருக்கலாமில்ல?"

சொல்லிவிட்டு லாம்ப்ரோஸ் தானே சிரித்தார். அந்தக் கிரேக்க மலைக் கிராமத்தில் நாற்பது வருடமாகக் கோயில் படி மிதிக்காத மனிதர். கல்யாணத்தைக்கூட நகராட்சி ஆபீசில் முடித்தவர். அவருடைய கம்யூனிஸ்ட் கட்சியில் அப்படித்தான்.

கார் பானெட்டுக்குள் குனிந்திருந்த பாதிரியார் நெக்டாரியோஸ் நிமிரவில்லை. தாடியை ரப்பர் பேண்ட் போட்டு அங்கிக்குள் செருகியிருந்தார். போன மாதம் இன்னொரு வண்டியில், ஃபேன் பெல்ட்டுக்கு நாலு அங்குலத் தாடியைக் காணிக்கை கொடுத்த அனுபவம்.

"பேய் ஓட்டுறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சுப் பார்க்கணும் தோழரே. பத்து வருஷம் கப்பல்ல எலக்ட்ரீஷியனா இருந்தவன் நான். ஜெபம் பண்ணா மனசு லேசாகும், பேட்டரி சார்ஜ் ஆகாது."

"இதை ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்லுங்க, நான் வர்றேன்."

நாளைக் காலை ஏழு மணிக்கு லாம்ப்ரோஸின் மனைவி தசூலா, கீழே வோலோஸ் நகர ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். மலையிறங்க முக்கால் மணி நேரம். நாளை ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருவிழா, பஸ் கிடையாது. மெக்கானிக் கடையைப் பூட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான், டாக்ஸிக்காரனும் அவன் பின்னாலேயே. பாதிரியாரிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர்.

இந்தக் கார் ஓடியே ஆக வேண்டும்.

"திங்கக்கிழமை இன்ஜின் ஓடும்போது பதினஞ்சு புள்ளி ஒன்பது வோல்ட் காட்டுச்சு," என்றார் பாதிரியார். "டைனமோ அளவுக்கு மேல சார்ஜ் பண்ணி பேட்டரியை வேக வெச்சிட்டிருந்தது. ரெகுலேட்டரை மாத்தினேன். இப்ப பதினாலு புள்ளி ரெண்டு. அதுல குறையில்ல."

"அப்புறம் ஏன் புதன்கிழமை பேட்டரி மறுபடியும் செத்துச்சு?"

"எங்கேயாவது கரண்ட் கசியுதோன்னு பார்த்தேன். ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்கியும் பார்த்தாச்சு. கசிவே இல்ல. அதனாலதான் நேத்து ஃபுல்லா சார்ஜ் ஏத்தி, ரெண்டு வயரையும் கழட்டி வெச்சிட்டுப் போனேன்."

பாதிரியார் மீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தார். முள் நகர்ந்து நின்றது.

"பதினொண்ணு புள்ளி நாலு. பன்னெண்டரைக்கு மேல இருக்கணும். பார்த்தியா? ஒரு வயர்கூட இல்ல. சும்மா கிடந்து தானே செத்திருக்கு."

ஜன்னலிலிருந்து தசூலாவின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் வண்டியைச் சரி பண்றீங்களா, அதுக்குக் கருமாதி பண்றீங்களா?"

"சரி பண்றோம்மா! நாளைக்கு நீ போறே!" என்று கத்திவிட்டு, பாதிரியார் பேட்டரியின் ஆறு மூடிகளையும் திருகித் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவரின் புருவம் ஏறியது.

"அவ்வளவு சூட்டுல தண்ணி வத்திப் போயிருக்கணும். இது கழுத்து வரைக்கும் நிக்குது. நீ ஊத்தினியா?"

"வத்துறப்பல்லாம் ஊத்தினேன். ஊத்தக் கூடாதா?"

"டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தலாம். இது அது இல்ல. உள்ளே ஈயத் தட்டு மேலெல்லாம் பழுப்பா படிஞ்சிருக்கு பாரு. இரும்பு, உப்பு, எல்லாம் இருக்கு. தண்ணி ஆவியாயிடும், இது போகாது. நீ ஊத்த ஊத்தச் சேர்ந்து, பேட்டரியை உள்ளேயிருந்தே தின்னுட்டிருக்கு. என்ன தண்ணி?"

"நல்ல தண்ணிதான்."

"குழாய்த் தண்ணியா?"

லாம்ப்ரோஸ் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். "ஏதோ ஒரு தண்ணி. இப்ப இது பிழைக்குமா, பிழைக்காதா?"

"பிழைக்காது."

லாம்ப்ரோஸ் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

பாதிரியார் அங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பத்தே நிமிடத்தில் திரும்பினார். முன்னால் கால்களுக்கு நடுவே ஒரு பேட்டரி.

"நாளைக்கு ஊர்வல மைக்குக்கு வெச்சிருந்தது. மைக் இல்லாட்டிப் போகுது, வெறும் தொண்டையில பாடிக்கிறேன். ஜனங்களுக்கும் அது நல்லதுதான், பாதிப் பேருக்குக் கேக்காது."

பழையதைத் தூக்கிவிட்டு அதை வைத்து, இரண்டு வயரையும் முறுக்கினார். லாம்ப்ரோஸ் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் உறுமியது. ஜன்னலில் தசூலா கைதட்டினாள். காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள்.

லாம்ப்ரோஸ் கீழே இறங்கி, பாதிரியாரின் கையைப் பிடித்தார்.

"நன்றியெல்லாம் அப்புறம். முதல்ல பதில் சொல்லு," என்றார் பாதிரியார், கையை விடாமல். "நீ இதுலயும் அதையே ஊத்துவே. எனக்குத் தெரிஞ்சாகணும். என்ன தண்ணி அது?"

லாம்ப்ரோஸ் தெருவைப் பார்த்தார். கட்சிக்காரர்கள் யாரும் இல்லை.

"ஜனவரியில நீங்க மந்திரிச்சு, கோயில் வாசல்ல தகரப் பீப்பாயில வெப்பீங்களே, அந்தத் தண்ணி, சாமி. தசூலாவுக்குக் குடுக்கலாம்னுதான் யாரும் இல்லாத நேரமா பார்த்து ரெண்டு கேன் பிடிச்சேன். அவ ஒரு வாய் கூடுதலா குடிச்சாலும் மூச்சு முட்டிப்போகும்னு டாக்டர் சொல்லிட்டாரு... அதான், அவளைச் சுமந்துட்டுப் போற வண்டியாவது குடிக்கட்டும்னு..."