ஈரக் கைக்கு ஒரு கறுப்புத் திரை

பாலக்கோடு தக்காளிச் சந்தையின் தகரக் கூரை இடுக்கில் காலை வெயில் இறங்கி, தராசில் ஏறிய பெட்டிகளின் மேல் சிவக்கிறது. எடை பதியும் சென்னம்மாளின் விரல்களில் நசுங்கிய பழத்தின் சாறும் விதையும் வடிகின்றன. சற்று முன், மேலாளர் மாதவராஜ் கொண்டுவந்த பளபளப்பான தொடுதிரை அந்த விரல்களுக்கு மசியவில்லை. மூன்று முறை வழுக்கி, எடை மாறிப் பதிந்தது. இப்போது ஓடுவது, பக்கத்தில் நிற்கும் கோகிலவாணி எழுதி, அவளுடைய ஓசூர் அலுவலகமே பார்த்துச் சிரித்த கணினி நிரல்: பழைய ஜாவா மொழி, கறுப்புத் திரை, பிளாஸ்டிக் உறை போட்ட எண் விசைப்பலகை. டக், டக், டக். பெட்டி இறங்குகிறது, அடுத்தது ஏறுகிறது. வெளியே டிராக்டர் வரிசை நகர்கிறது. "தடவிக்கிட்டுக் கெடக்க வேண்டியதில்ல கண்ணு, இது தட்டுனா வுழுது," என்கிறாள் சென்னம்மாள். மாதவராஜ் தன் டேப்லெட்டில் ஒட்டிய சாற்றைக் கைக்குட்டையால் துடைத்தபடி, "எல்லா மண்டிக்கும் இதையே போட்டுடலாம்மா," என்கிறார். கோகிலவாணி தலையாட்டுகிறாள், பார்வை மட்டும் சென்னம்மாளின் கண்களை விட்டு அகலவில்லை. அந்தக் கண்கள் தராசைப் பார்க்கின்றன, வண்டியைப் பார்க்கின்றன. விசைகளை விரல்களே தேடிக்கொள்ள, நாற்பது பெட்டி தாண்டியும் திரைப்பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.