ஜன்னல் பக்க வரிசை

"நான் 'ஆமா'ன்னுதான்டி சொன்னேன். அவங்க தலையைத் தூக்கவே இல்ல. 'சரி, அடுத்த ஆளை அனுப்பு'ன்னுட்டாங்க."

கை கழுவும் தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது குரல். விடைத்தாள் கட்டோடு படி இறங்கிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் அப்படியே நின்றுவிட்டார்.

"எந்தக் கேள்விக்குடி?"

"அதான், கடைசிக் கேள்வி. உயிரோட இருக்கவே வேண்டாம்னு எப்பவாவது தோணியிருக்கான்னு."

"போடி. உனக்கு எல்லாமே விளையாட்டு."

"ஆமா, விளையாட்டுதான்."

சிரிப்பு. குழாயை மூடும் சத்தம்.

அது யார் குரல் என்று தெரிந்துகொள்ள எட்டிப் பார்க்கத் தேவையில்லை. வானொலி. நிறுத்த ஆளில்லாமல் நாள் முழுக்க ஓடுவதால் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். அவள் வாயை அடக்குவதிலேயே டீச்சருக்குப் பாதித் தொண்டை போய்விடும்.

கொஞ்ச நாளாக அந்தத் தொல்லை இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

காலையிலிருந்து நின்றே பாடம் நடத்தியதில் டீச்சருக்குக் கால் கெஞ்சியது. பள்ளிப் பேருந்து கிளம்பும் நேரம். அதை விட்டால் இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போக வேண்டும். இருந்தாலும் கால் ஆலோசகரின் அறைப் பக்கம்தான் திரும்பியது.

பிள்ளைகளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கப் போன மாதம் வந்தவர் அந்த ஆலோசகர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சில கேள்விகள். எல்லாம் முடிந்து, இன்று காலைதான் தலைமையாசிரியர் மைக்கில் பெருமையாக அறிவித்தார்: "பத்தாம் வகுப்புல யாருக்கும் ஒரு கவலையும் இல்லை!" பிள்ளைகள் கைதட்டினார்கள்.

டீச்சர் கதவைத் தட்டாமலே உள்ளே போனார்.

"மேடம், உங்க வேலை என்னன்னு உங்களுக்காவது தெரியுமா?"

டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்த ஆலோசகர் நிமிர்ந்தார். "உட்காருங்க டீச்சர்."

"உட்கார வரல. ஒரு பொண்ணு, வாழவே பிடிக்கலைன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கா. முகத்தைக்கூடப் பார்க்காம அடுத்த ஆளைக் கூப்பிட்டா என்ன அர்த்தம்? கேள்வி கேட்டா போதுமா, பதில் காதுல விழ வேண்டாமா? எந்நேரமும் அந்த லேப்டாப்புக்குள்ளயே தலையை விட்டுக்கிட்டு! ஆள் பத்தலைன்னு பாதி வகுப்பை என் தலையில கட்டினீங்களே, அன்னிக்கே நினைச்சேன், இது கடனேன்னு செய்யற வேலைன்னு."

ஆலோசகருக்குக் கோபம் வரவில்லை. வருவதற்குத் தெம்பு இல்லாதவர் போல இருந்தார். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான்.

"எந்தப் பொண்ணு?"

"வானொலி."

"எனக்கு இன்னும் பட்டப்பேரெல்லாம் பழகல டீச்சர். எங்க உட்காருவா?"

"கடைசி பெஞ்சு. ஜன்னல் ஓரம்."

பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"டீச்சர்..." குரல் தணிந்திருந்தது. "வாசப் பக்க வரிசையைத்தான் நான் பார்த்தேன். ஜன்னல் பக்கம் மொத்தமும் நீங்க கேட்டீங்க."

டீச்சரின் பார்வை கையிலிருந்த விடைத்தாள் கட்டுக்குப் போனது.

அன்றைக்கும் மேஜையில் இதே மாதிரி ஒரு கட்டு இருந்தது. கையில் சிவப்புப் பேனா. ஒரு பிள்ளை எழுந்து போய் அடுத்த பிள்ளை வருவதற்குள் இரண்டு கணக்கைத் திருத்திவிட முடிந்ததில், அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. யார் யார் எதிரே வந்து உட்கார்ந்தார்கள் என்று இப்போது யோசித்துப் பார்த்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"நான் போய்ப் பேசட்டுமா?" என்றார் ஆலோசகர்.

"இல்ல. கேட்டவ நான். நானே கேக்கறேன்." டீச்சர் கதவுப் பக்கம் திரும்பினார். "ஆனா நீங்க கிளம்பிடாதீங்க. அவளை இங்கதான் கூட்டிட்டு வருவேன்."

"இருக்கேன்." ஆலோசகர் பையைக் கீழே வைத்தார்.

வாசலில் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. படியில் காலை வைக்கப் போன வானொலியின் கையைப் பிடித்து, மரத்தடி பெஞ்சுக்கு அழைத்துப் போனார் டீச்சர்.

"என்ன டீச்சர், கணக்குல முட்டையா? வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

"உட்காரும்மா." விடைத்தாள் கட்டை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னிக்கு உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். நீ சொன்ன பதிலை நான் காதுல வாங்கல. தப்பு என்னோடது. திரும்பக் கேக்கறேன்."

கேட்டார். அதே கேள்வி, அதே வார்த்தைகள்.

வானொலி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுபோனது.

டிரைவர் ஹாரனை அழுத்தினார். "டீச்சர், ஏறுறீங்களா, வண்டியை எடுக்கவா?"

வானொலியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, 'போகலாம்' என்று பேருந்துக்குக் கையை ஆட்டினார் டீச்சர்.