புகைக்குழாய் விளக்கு

தோட்டத்துத் துரை தன் சட்டைப்பைக் கடிகாரத்தைத் திறந்து, அந்தச் சின்ன பல்பின் அருகே பிடித்தார்.

கார் கொட்டகைக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கூலி லயத்து ஜனம் முழுக்க வாசலில் நின்றது.

லாரி ஓட்டும் உடையப்பன், காரின் புகைக்குழாயைச் சுற்றி இரண்டு விதக் கம்பிகளை மாற்றி மாற்றி முறுக்கிக் கட்டியிருந்தான். முனைகள் முள்ளம்பன்றி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வீணாகப் போகிற எஞ்சின் சூட்டிலிருந்தே மின்சாரம் எடுத்து பல்பை எரிக்கலாமாம்.

தாப்பா சாலையில் காரின் கார்பைட் விளக்கு அணைந்து அணைந்து துரைக்கு வெறுத்துப் போயிருந்தது. கடிகார முள் தெரிகிற அளவுக்கு இது எரிந்தால், இனி காரை உடையப்பனே ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

இதுவரை காரை ஓட்டியவன் சன்னாசி.

ஈப்போ கடைத்தெருவில் தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு அவன் போகிற தோரணையே தனி. அந்த இடத்தில் உடையப்பனா? ஒரு வாரமாகச் சன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை.

பல்பில் சிவப்பாக ஓர் இழை தெரிந்தது. அவ்வளவுதான்.

துரை உதட்டைப் பிதுக்கிக் கடிகாரத்தை மூடினார்.

சன்னாசி ஜெயித்துவிட்டான். சும்மா நின்றிருந்தால் போதும்.

ஆனால் வாசலில் எல்லாரும் அந்த இழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பெண்டாட்டி இருளாயி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவன் கார் ஓட்டுவதை அவள் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

வயிறு எரிந்தது. அந்தச் சிவப்புகூட இருக்கக் கூடாது. சூட்டில் எரிகிறது, குளிர்ந்தால் செத்துப்போகும் என்று கணக்குப் போட்டான்.

"கம்பியெல்லாம் கொதிக்குது, கொட்டாய் பத்திக்கும்லா," என்றபடி, ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர்த் தகரத்தைத் தூக்கி, நீட்டிக்கொண்டிருந்த முனைகள் மேல் கவிழ்த்தான்.

ஆவி எழுந்தது.

அது விலகியபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. துரையின் மீசை வரைக்கும் தெரிந்தது.

உடையப்பன் ஓடிவந்து சன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"உள்முனை சூடா இருந்தா மட்டும் பத்தாது, வெளிமுனை குளிரணும். எனக்கு இது தோணவே இல்லண்ணே."

துரை கடிகாரத்தை மறுபடி திறந்து மணி பார்த்தார்.

"நாளைக்கு ஈப்போ போறது. உடையப்பன் கார் ஓட்டு. சன்னாசி கார் படியில நின்னு தண்ணி ஊத்து."